இரண்டாவது தோட்டா

பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்த பிறகும் அவர் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

நீளமான கறுப்புப் பெட்டி. அதன் மூலைகளில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. அபுதாபியில் எங்கு தோண்டினாலும் அந்த நிறத்தில் மண் கிடைக்காது. விமானத்தில் ஏறி இறங்கி, சுங்கத்தில் திறந்து மூடி, வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தும் அது உதிராமல் இருந்தது.

"இதைப் பார்க்க வேண்டும், பிந்தி" என்றார். பிந்தி என்றால் மகளே.

"என்ன குறை, அபு ஹமத்?"

"அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

மூத்த மகன் பெயர் ஹமத் என்பதால் அவரை எல்லோரும் அபு ஹமத் என்றே அழைப்போம். ஹமத்தின் தந்தை. அறுபதைத் தாண்டியவர். துறைமுகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்கு வரும்போதெல்லாம் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வேறு பேச்சுக்கு வருவார். அன்று விசாரிக்கவில்லை.

"இதே ரகத்தில் இன்னும் உயர்ந்தது ஒன்று வந்திருக்கிறதாமே. உங்கள் மேனேஜர் நபில் போனில் சொன்னார். அதையும் எடுத்து வையுங்கள். ஆனால் முதலில் இதற்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்."

பிறகுதான் கையை எடுத்தார். கண்ணாடியில் அவருடைய உள்ளங்கையின் ஈரம் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தது.

ஸ்போர்ட்ஸ் கடை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் வேட்டைக் கண்காட்சி நாட்களின் கூட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். விலை கூடிய துப்பாக்கி என்றால் குறி தவறாதா என்று. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் அபு ஹமத்தின் கை நினைவுக்கு வந்தது.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். திருச்சியில் மெக்கானிக்கல் படித்தவள். கணவரோடு அபுதாபி வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு விண்ணப்பித்த இடங்களில் ஒன்றே ஒன்று கூப்பிட்டது. வேட்டைச் சாமான் கடை. இயந்திரம் தெரிந்த, ஆங்கிலமும் உருதுவும் பேசக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். உருது நான் கராமாவில் கற்றது. முதல் இரண்டு வருடம் துபாய் கராமாவில் ஒரு லாகூர் குடும்பத்தோடு ஃபிளாட்டைப் பங்கு போட்டிருந்தோம். சமையலறை பொது. அங்கே பேசிப் பழகியதுதான்.

ஊரில் அம்மாவிடம் ஸ்போர்ட்ஸ் கடை என்று சொல்லிவைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. கூடாரம், பைனாகுலர், ராஜாளியின் கண்ணை மூடும் தோல் குல்லா எல்லாம் விற்கிறோம். உள்ளே ஒரு கண்ணாடி அறை. அங்கேதான் ரைஃபிள்கள்.

இந்த நாட்டில் யாரும் வனவிலங்கைச் சுடக் கூடாது. உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கோ மத்திய ஆசியாவுக்கோ போவார்கள். எங்களைப் போன்றவர்கள் விற்பதோடு சரி. இத்தனை வருடத்தில் நான் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. ஆனால் எந்த ரைஃபிளின் கட்டை, அதாவது தோளில் பதிகிற மரப் பகுதி, எந்த உடம்புக்குப் பொருந்தும் என்று ஆள் கதவைத் திறந்து நடந்து வரும்போதே ஓரளவு சொல்லிவிடுவேன்.

கடையின் பின்னால் பட்டறை. அங்கே சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தோஹா தொழில்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், எங்கள் கடைக்கு வந்து துப்பாக்கி வேலை பழகி, கம்பெனி அனுப்பிய பயிற்சியும் முடித்தவர். ஆயுத பூஜையன்று லேத்துக்குக் குங்குமம் வைப்பார். ஒரு வருடம் எங்கள் மேனேஜர் நபில் அதைத் துரு என்று நினைத்து எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டார். நபில் லெபனான்காரர். விஷயம் தெரிந்ததும் மறுநாள் ஒரு கிலோ இனிப்பு வாங்கி வந்தார்.

இரண்டு ரைஃபிள்கள்

நபில் போனில் சொன்ன அந்த உயர்ந்த ரைஃபிளை நான் எடுத்து வைத்தேன். பக்கத்தில் அதே ரகத்தின் சாதா ரைஃபிள் ஒன்றையும் வைத்தேன்.

இரண்டும் ஒரே தொழிற்சாலை. ஒரே தோட்டா. யானை, காட்டெருமை போன்ற பெரிய மிருகங்களுக்கானது. தோட்டா நடுவிரலைவிட நீளம்.

சாதாவின் கட்டை வெறும் பழுப்பு. உயர்ந்ததன் கட்டையில் புகை சுருண்டதுபோல் மரத்தின் ரேகை ஓடும். வாங்குபவரின் தோளளவு, கையளவு எடுத்து அதற்கேற்பச் செதுக்கித் தருவார்கள். குழலின்மேல் குறிபார்க்கும் இடத்தில் தந்த நிறத்தில் ஒரு பொட்டு, மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். ட்ரிகர் மெதுவாகத் தொட்டாலே விடும். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைக் கையாலேயே தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். தயிரில் கரண்டி போவதுபோல் போகும். சாதாவில் அது கொஞ்சம் கரகரக்கும்.

விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வருகிறவர்களிடம் நான் இதையெல்லாம் சொல்வேன். எது நல்லது என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பேன். அபு ஹமத்திடம் அப்படித் திருப்பிக் கேட்க முடியவில்லை. எதற்கு என்று எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று நடந்தது

அவரே சொன்னார். அவருடைய தலைமுறைக்குப் பம்பாய் வியாபாரிகளோடு பழகிய உருது சரளம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

டான்ஸானியா. புல் இடுப்புயரம். அவருடைய தம்பி ஸயீத் சுட்ட எருமை காயத்தோடு புதருக்குள் போய்விட்டது. காயம்பட்ட எருமையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. வேட்டை வழிகாட்டி முன்னால், தடம் பார்க்கும் ஆள் அவர் பக்கத்தில், அண்ணன் தம்பி இருவரும் பின்னால் போனார்கள்.

எருமை முன்னாலிருந்து வரவில்லை. பக்கவாட்டிலிருந்து வந்தது.

"நான் சுட்டேன். பட்டது. ஆனால் நிற்கவில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். மறுபடி சுட்டேன்."

அவர் அங்கே நிறுத்தி, நாக்கை அண்ணத்தில் வைத்து ஒரு சத்தம் எழுப்பினார். டிக். ஆளில்லாத அறையில் சுவிட்சைத் தட்டுவதுபோல் சின்னச் சத்தம்.

"அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை. அதற்குள் அது ஸயீதிடம் போய்விட்டது."

வழிகாட்டியின் குண்டில் எருமை விழுந்தது. ஸயீதின் வலது காலை நைரோபியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

"இது சாதா ரைஃபிள். நான்தான் இது போதும் என்று வாங்கினேன். அன்றே மேலானதை வாங்கியிருந்தால் என் தம்பி நடந்துகொண்டிருப்பான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஸயீதும் அதையே சொல்கிறான்." பிறகு சொன்னார்: "மழை முடிந்ததும் நான் மறுபடி அங்கே போக வேண்டும். போகாவிட்டால் அந்தச் சத்தத்தோடுதான் சாவேன்."

பட்டறை மேசை

சுடலைமுத்து ரைஃபிளை முழுக்கப் பிரித்தார். ஸ்பிரிங், தோட்டாவைப் பிடிக்கும் கொக்கி, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் எல்லாவற்றையும் வெள்ளைத் துணிமேல் பரப்பி வைத்தார். பிறகு சேர்த்தார். வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு, இழுத்துத் தள்ளிப் பார்த்தார். மெதுவாக, வேகமாக, சாய்த்து வைத்து, கவிழ்த்துப் பிடித்து. ஒவ்வொரு முறையும் பழைய தோட்டா தெறித்து விழுந்தது, புதியது உள்ளே போனது.

மாலை டீ நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"எக்கா, பாத்துட்டேன். இதுல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஏன் வெடிக்கல?"

அவர் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். ஆனால் முழுக்க இழுக்கவில்லை. இரண்டு விரல் அகலம் மீதி வைத்து அப்படியே முன்னால் தள்ளினார். பழைய தோட்டா வெளியே விழவில்லை. கொக்கி பிடித்தபடியே வந்த வழியில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. ட்ரிகரை அழுத்தினார்.

டிக்.

"வெடிச்சு முடிஞ்ச தோட்டாவே திரும்ப உள்ள போயிருக்கு. அந்த வழிகாட்டி பொறவு தொறந்து பாத்தப்ப வெறுங்கூடுதான் இருந்துச்சுன்னு, பெட்டிக்குள்ள இருந்த பேப்பர்ல எழுதியிருக்கான்லா. அதான். அவுக கை பாதியில நின்னுருக்கு."

எனக்குப் புரிந்தது. அபு ஹமத் இருபது முப்பது வருடம் மான் சுடும் சின்ன ரைஃபிளில் பழகியவர். அதில் தோட்டா குட்டை, போல்ட் பின்னால் போகும் தூரமும் குறைவு. பெரிய ரைஃபிளில் தூரம் அதிகம். பயத்தில் கை பழகிய இடத்திலேயே நின்றுவிட்டது. யார் கையும் நிற்கும்.

"அப்ப உயர்ந்ததை வாங்கினா?"

"அதுலயும் இதே தூரந்தான. பாதியில நின்னா அதுவும் டிக்குதான். சத்தம் வேணா கொஞ்சம் நைசா கேக்கும்." டீயை உறிஞ்சினார். "சொல்லவா போறீய?"

"கேட்டாரே."

"எதுக்குக்கா? கால் போனவரே துப்பாக்கி மேல பழியப் போட்டுட்டுச் சும்மா இருக்காரு. நாம போயி அந்த மனுசன் நெஞ்சில கல்லத் தூக்கிப் போடணுமாக்கும்? வெலகூடுனத குடுத்து அனுப்பிருங்க. நிம்மதியா இருக்கட்டும்."

நபிலும் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். வாடிக்கையாளர் உயர்ந்ததைக் கேட்கிறார், நம்மிடம் இருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அபு ஹமத்தைப் பிடிக்கும்.

ஸயீத் வந்தார்

மறுநாள் முற்பகல் ஸயீத் தனியாக வந்தார். அண்ணனைவிடப் பத்து வயது சிறியவர். முன்பெல்லாம் கடையில் நுழைந்ததும் சிரிப்புச் சத்தம் கேட்கும். இப்போது முதலில் கேட்டது கைத்தடியின் சத்தம். செயற்கைக் காலுக்கு இன்னும் பழகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்வதற்கே சற்று நேரம் பிடித்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் அண்ணன் ரைஃபிளைக் கொண்டுவந்தாரா?"

"வந்தார்."

"பார்த்துவிட்டீர்களா?"

நான் பட்டறைக் கதவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும். அப்போது நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எருமையை அல்ல. கை முழுக்கப் பின்னால் போகவில்லை." தன் தோளுக்கு முன்னால் கையை வைத்துக் காட்டினார். "இங்கே நின்றுவிட்டது."

"வீட்டில் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, ரைஃபிள் சிக்கிக்கொண்டது என்பதுதான். அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். வேறு என்ன சொல்வேன்?"

பிறகு கேட்டார். "நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். அந்தப் பழைய ரைஃபிளில் கோளாறு இருந்தது என்று சொல்லிவிடுங்கள். உயர்ந்ததைக் கொடுத்துவிடுங்கள். கலாஸ். விஷயம் முடிந்தது."

"அவர் மறுபடி போகிறார், ஸயீத். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்."

"நான் நிற்பேன்" என்றார். "இந்தத் தடவையும் நான்தான் கூடப் போவேன்."

 யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போனதும் கைத்தடியின் சத்தம் வாசல் வரை கேட்டது.

மெதுவா கிளம்பி வா

அன்று சாப்பிடும்போது கதிரிடம் சொன்னேன். கதிர் என் கணவர். அதிகம் பேசாதவர். தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

கதிரின் அப்பா திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாங்கள் கராமாவில் இருந்தோம். கதிரின் அண்ணன் தினமும் போன் செய்வார். "அப்பா நல்லா இருக்காருடா. இட்லி சாப்பிட்டாரு. நீ அவசரப்பட்டு லீவு கேட்டு வேலையக் கெடுத்துக்காத. மெதுவா கிளம்பி வா." அப்போது கதிர் புது வேலையில் சேர்ந்திருந்தார். அண்ணன் சொன்னதை நம்பினார், நம்ப ஆசைப்பட்டார். மாமா அப்போதே நினைவிழந்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மேல் கதிருக்குக் கோபம் இல்லை. இன்றும் இருவரும் வாரம் தவறாமல் பேசுகிறார்கள். ஆனால் அண்ணன் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் கதிர் போனை வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு மறுபடி விசாரிப்பார். அன்பில் சொன்னதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு அண்ணன் சொல்லை அவரால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று கதிர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"அந்தத் தம்பி சொல்றது புரியுது. எங்க அண்ணன் செஞ்சதும் அதான். ஆனா பொய் சொல்லிட்டா அந்த ஆளுக்கு அதைச் சரி பண்ணிக்கிற வழியே இல்லாமப் போயிடும். அதை மட்டும் யோசிச்சுக்க."

பிள்ளைகள் ஹாலில் ஆங்கிலத்தில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 

காலையில் ஸயீதுக்குப் போன் செய்தேன். நானாக எதுவும் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் அண்ணன் என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல என்னால் ஆகாது என்றேன். மறுமுனையில் கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியானால் நானும் கூட வருகிறேன்" என்றார்.

கம்பளம்

இருவரும் ஒன்றாக வந்தார்கள். நபில் கஹ்வா என்னும் அரபுக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் மணம் கண்ணாடி அறை முழுக்க இருந்தது. உயர்ந்த ரைஃபிளைத் துணியில் வைத்து ஏந்திக்கொண்டு வந்து அபு ஹமத்தின் கையில் கொடுத்தார். மரத்தின் ரேகையைப் பற்றிப் பேசினார். வழுவழுப்பைப் பற்றிப் பேசினார். அபு ஹமத் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிந்தி. இது என் கையில் இருந்திருந்தால் அன்று வெடித்திருக்குமா?"

ஸயீத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுத்துப் பாருங்கள், அபு ஹமத்" என்றேன். டம்மி தோட்டாக்களை மேகசினில் போட்டுக் கொடுத்தேன். 

அவர் சுவரைப் பார்த்துத் தோளில் வைத்தார். நிதானமாக இழுத்தார். தோட்டா தெறித்துக் கம்பளத்தில் விழுந்தது. தள்ளினார். மறுபடி இழுத்தார். இன்னொன்று விழுந்தது.

"அருமை" என்றார் நபில்.

நான் தோட்டாக்களைப் பொறுக்கி மறுபடி போட்டேன். "இப்போது வேகமாக. அன்று செய்ததுபோல."

நபில் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

அபு ஹமத் ரைஃபிளைத் தோளில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நெற்றியில் வியர்வை தெரிந்தது. ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ட்ரிகரை அழுத்தினார், இழுத்தார், தள்ளினார், அழுத்தினார். எல்லாம் ஒரே மூச்சில்.

டிக் என்று இரண்டு முறை கேட்டது. கம்பளத்தில் எதுவும் விழவில்லை.

அவர் கம்பளத்தைப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். பிறகு மறுபடி செய்தார். எதுவும் விழவில்லை. உயர்ந்ததை மேசையில் வைத்துவிட்டு, தன் பழைய ரைஃபிளைக் கேட்டார். டம்மி போட்டுக் கொடுத்தேன். அதிலும் அப்படியே.

"இதில் கோளாறு?"

"ஒன்றும் இல்லை, அபு ஹமத். நன்றாகப் பார்த்துவிட்டோம்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியிடம் அரபியில் பேசினார். இத்தனை வருடம் கடையில் நின்றவளுக்கு அந்த அளவு அரபி புரியும்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் கால் திரும்பி வந்துவிடுமா, அண்ணா?"

அபு ஹமத் அழவில்லை. தம்பியின் செயற்கை முழங்காலின் மேல் கையை வைத்தார். அங்கே உணர்ச்சி இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எடுக்கவில்லை. நபில் மெல்ல எழுந்து அறைக்கு வெளியே போனார். நானும் போனேன்.

அன்று அவர்கள் எதையும் வாங்கவில்லை. பழைய ரைஃபிளையும் எடுத்துப் போகவில்லை. கதவு மூடியதும் நபில் கேட்டார், "மேடம், நாம் இங்கே ரைஃபிள் விற்கிறோமா, வைத்தியம் பார்க்கிறோமா?" கோபமாகத்தான் கேட்டார். நான் கஹ்வாக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். செய்தது சரிதானா என்று எனக்கும் தெரியவில்லை. பட்டறையில் சுடலைமுத்து அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கோடை

சில வாரம் கழித்து அபு ஹமத் தனியாக வந்தார். வெளியே வெயில் உச்சத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் அவரோடு அனலும் உள்ளே வந்தது. முதலில் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு பழைய ரைஃபிளைக் கேட்டார்.

"உயர்ந்தது வேண்டாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"அதைக் கையில் எடுத்தால், அது என்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுவேன். இது போதும்."

ஒரு பை நிறைய டம்மி தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க அண்ணனும் தம்பியும் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பழகினார்கள் என்று ஸயீத் பிறகு சொன்னார். எதிர்பாராத நேரத்தில் ஸயீத் கைத்தடியால் தரையில் ஓங்கித் தட்டுவார். அண்ணன் அந்தக் கணமே சுட்டு, இழுத்து, தள்ளி, மறுபடி சுட வேண்டும். சாப்பிடும்போது தட்டுவாராம். தொழுகை முடித்துத் திரும்பும்போது தட்டுவாராம். அபு ஹமத்தின் மனைவி திட்டி ஓய்ந்துவிட்டார். முதல் நாட்களில் கை பாதியில்தான் நின்றது. அப்போதெல்லாம் அபு ஹமத் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார், கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வருவார்.

கோடை முடிந்து சுத்தம் செய்யக் கொண்டுவந்தபோது சுடலைமுத்து போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். உயர்ந்த ரைஃபிளையும் எடுத்து வரச் சொன்னார்.

"கண்ண மூடிக்கிட்டு ரெண்டையும் இழுத்துப் பாருங்கக்கா."

இழுத்தேன். எது எது என்று சொல்ல முடியவில்லை.

"ஃபாக்டரில கையால தேய்ச்சு மெருகேத்துதான். இவுக இழுத்து இழுத்தே ஏத்திட்டாவ." துணியை மடித்து வைத்தார். "நீங்க சொன்னது நல்லதுதான்க்கா." அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுத்ததே இல்லை.

அந்த உயர்ந்த ரைஃபிளைப் பிறகு துபாயிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு என்றார்.

மழைக்குப் பின்

அவர்கள் டான்ஸானியாவுக்குப் போன நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கதிர் ஒருமுறை, "ஆகறது ஆகட்டும், நீ கொஞ்சம் சாப்பிடு" என்றார்.

பிறகு ஒரு நாள் காலை கடை திறந்து சிறிது நேரத்தில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அதன் பின்னால் சிரிப்பும் கேட்டது. ஸயீத் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். அபு ஹமத் இருவருடைய ரைஃபிள் பெட்டிகளையும் தானே சுமந்துகொண்டு வந்தார். பட்டறைக்குள்ளிருந்து சுடலைமுத்துவும் வந்து நின்றார்.

நபில் கஹ்வா ஊற்றினார். ஸயீத்தான் பேசினார். மடக்கு முக்காலியில் உட்கார்ந்தபடியே தான் சுட்டதாகச் சொன்னார். கிழட்டு ஆண் எருமை. அப்படியே முன்னங்கால் மடிந்து விழுந்ததாம். வழிகாட்டியும் தடம் பார்க்கும் ஆளும் பெருமூச்சு விட்டுத் தன்னைத் தட்டிக்கொடுத்தார்கள் என்றார்.

"அப்போது என் தலைக்குப் பின்னால் ஒரு வெடி. இவர்தான். அடுத்த மூச்சுக்குள் இன்னொரு வெடி. என் காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை." அண்ணனைக் கைத்தடியால் சுட்டிக்காட்டினார். "அது ஏற்கெனவே செத்துவிட்டது. செத்துக் கிடந்த எருமையை இரண்டு தடவை சுட்டார்."

நபில் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அபு ஹமத் கோப்பையை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, வருத்தமும் இல்லை.

"செத்துவிட்டது என்று எனக்கும் தெரியும்" என்றார். "நான் எருமைக்காகச் சுடவில்லை."